வடக்குச் சுவரின் ஏழு சாட்சிகள்

சுவரைத் தட்டுவதற்கு முன்னால் அவர் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். மோதிரம் பட்டால் செங்கல்லின் சத்தத்தோடு உலோகத்தின் சத்தமும் கலந்துவிடும் என்பது அவர் கணக்கு. நடுவிரல் கணுவால் மூன்று தட்டு. பிறகு காதை ஒட்டவைத்து, கண்ணை மூடி, வாயைச் சற்றே திறந்தபடி நிற்பார். திருப்தியென்றால் சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு இரண்டடி நகர்வார். மறுபடி மூன்று தட்டு. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தெற்கு மூலையில் தொடங்கினால் வடக்குச் சுவருக்கு வந்து சேரப் பதினொன்றாகிவிடும். நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்; கையை மட்டும் உயர்த்திக் காட்டுவார். நாடி பிடித்திருக்கும் டாக்டர் ‘பேசாதே’ என்று காட்டுகிற கை அது.

தபால்காரர் அவருக்கு வைத்த பெயர் செவுத்து டாக்டர்.

“என்ன டாக்டரே, பேஷண்ட் எப்படி இருக்கு?”

“நூத்தி நாப்பது வயசு. உன்னைவிட நல்லா இருக்கு. எங்க, உன் தொப்பையைக் காட்டு, அதையும் தட்டிப் பாத்துச் சொல்றேன்.”

பெயர் வைத்த தபால்காரர் ஓய்வு பெற்றுப் போய், வேறொருவர் வந்து, அவருக்கும் தொப்பை விழுந்துவிட்டது. கேள்வியும் பதிலும் மாறவில்லை.

வயது எழுபத்தொன்று. ஒல்லியான ஆள். நடக்கும்போது இடது தோள் கொஞ்சம் முன்னால் போகும்; சாவிக்கொத்து தொங்குகிற பக்கம் அது. வலது பையில் ஒரு சின்ன டார்ச், ஒரு மடக்குக் கத்தி, ஓர் ஆணி. பட்டப்பகலில் டார்ச் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு அதைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துக் காட்டுவார். நேராகப் பார்த்தால் வழவழவென்று இருக்கிற சுவர், பக்கவாட்டு வெளிச்சத்தில் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். “மனுசனையும் இப்படித்தான் பாக்கணும். எதிர்ல நின்னு பாத்தா எல்லாரும் அழகு” என்பார்.

அவர் காவல் காக்கிற வீடு ஊரிலிருந்து நான்கு மைல் தள்ளி, வயல்களுக்கு நடுவே, தனியாக நிற்கிறது. இரண்டு மாடி. முழுக்கச் செங்கல். கட்டியவர் ஒரு சூளை முதலாளி. வீட்டுக்குப் பின்னாலேயே மண் வெட்டி, அங்கேயே கல் அறுத்து, அங்கேயே சுட்டுக் கட்டினார். சுவர் இரண்டடி கனம். ஒரு வரிசையில் கல்லின் நீளம் தெரியும், அடுத்த வரிசையில் தலை தெரியும். நீளம், தலை, நீளம், தலை என்று கூரை வரைக்கும் பிசகாமல் ஏறும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சுண்ணாம்புச் சாந்து ஒரு நூல் அளவுதான். சூளையில் அதிகம் வெந்து கருநீலமாகிப்போன கற்களை மற்றவர்கள் என்றால் கழித்துப் போட்டிருப்பார்கள். சூளை முதலாளி அவற்றைத் தனியே எடுத்து வைத்து, முகப்பில் சாய்சதுரங்களாகப் பதித்தார். மழை பெய்து நனைந்தால் சிவப்பு அடங்கி அந்த நீலம் மட்டும் மேலே வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். ஐந்து பேர் வந்தாலும் ஐம்பது பேர் வந்தாலும் அவர் ஒரே வழியாகத்தான் கூட்டிப் போவார். முகப்பில் இருபத்தொரு ஜன்னல். அதில் நான்கு பொய். வெளியே சட்டமும் கதவும் இருக்கும், உள்ளே போனால் வெறும் சுவர். இடதும் வலதும் சமமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக முதலாளி வைத்தது. “குரூப் போட்டோல வந்து நிக்கறானே, வேலைக்கு வராதவன், அவன் மாதிரி” என்று சொல்லிவிட்டுச் சிரிப்புக்கு இடம் விடுவார். பிறகு மரப்படிக்கட்டு, அடுப்பறைப் புகைபோக்கி. வீடு கொஞ்ச காலம் பள்ளிக்கூடமாக இருந்ததற்கு அடையாளமாக ஒரு கதவுநிலையில் பிள்ளைகள் உயரம் குறித்த கோடுகள். பிறகு நோயாளிகள் தங்கித் தேறுகிற இடமாக இருந்தபோது கூரையில் அடித்த திரை வளையங்கள். கடைசியாக வடக்குப் பகுதி. அங்கே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார், குடும்ப ரகசியம் சொல்கிறவரைப் போல.

“இது பின்னால ஒட்டவச்சது. முதலாளியோட பையனுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆச்சு. வர்ற மருமக தனியா இருக்கணும்னு ஏழே மாசத்துல கட்டினாங்க. எங்க கட்டினாங்க தெரியுமா? மண்ணு வெட்டின பள்ளத்துமேல. சாம்பலையும் உடைஞ்ச கல்லையும் கொட்டி மூடி, அதுக்குமேல. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்லுவாங்கல்ல? இவரு வீட்டையே விட்டுட்டாரு.”

அந்தப் பள்ளத்தின் மேல் நிற்கிற வடக்குப் பகுதியின் கீழ்த்தளத்தில்தான், இரண்டு அறைகளில், அவரும் அவர் மனைவியும் முப்பத்து நான்கு வருடம் குடியிருந்தார்கள். மகள் அங்கே வளர்ந்தாள். இப்போது அவள் பாலங்களுக்குக் கணக்குப் போடுகிற பொறியாளர். எடை எங்கே இறங்குகிறது, எது தாங்கும், எது தாங்காது என்பது அவள் தொழில்.

மனைவியை எல்லாரும் வீட்டம்மா என்பார்கள். தையல்காரி. ஜன்னலோரம் தையல் மிஷின், அதன் கீழே வட்டமான பிஸ்கட் டப்பா, அதற்குள் நூலும் ஊசியும். எந்தச் சட்டையைக் கொடுத்தாலும் அதைப் பிரிக்காமல், அளவு எடுக்காமல், கண்ணால் பார்த்தே அச்சாக இன்னொன்று தைத்துவிடுவாள். எது பழசு எது புதுசு என்று கொடுத்தவர்களே குழம்பிப் போவார்கள். புருஷனின் சனிக்கிழமைச் சுற்றைப் பற்றி அவளுக்கு ஒரே அபிப்பிராயம்தான். “எனக்குத் தலைவலின்னா ஒரு நாள் நெத்தியில கை வச்சிருப்பாரா? செவுத்துக்கு மட்டும் வாராவாரம்.”

பதினொரு வருடத்துக்கு முன்னால், நீண்ட கோடைக்குப் பின், வடக்குச் சுவரில் தரையிலிருந்து மேல்மாடி வரை படி படியாக ஒரு விரிசல் ஏறியது. விரிசல் இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனைகளையும் பிளாஸ்டரால் சுவரோடு ஒட்டிவிட வேண்டும். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி முறிந்துபோகும். அவர் பழைய ஜன்னல் கண்ணாடியை வெட்டி ஏழு துண்டுகள் ஒட்டினார். மடக்குக் கத்தியின் முதுகால் பிளாஸ்டரைத் தபால்தலை போல நான்கு பக்கமும் நேராக்கினார். ஒவ்வொன்றிலும் தேதியை ஆணியால் கீறினார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் சாட்சி. “ஆளு பொய் சொல்லுவான். காகிதம் பொய் சொல்லும். கண்ணாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

இரண்டு மாதத்தில் நான்காவது சாட்சி முறிந்தது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. நான்காம் நாள் மார்பைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில், இந்த மனிதர் கவலையைக் குறைக்காவிட்டால் அடுத்த முறை இவ்வளவு சுலபமாகப் போகாது என்று டாக்டர் வீட்டம்மாவிடம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவள் புருஷனைப் பிடித்து உலுக்காத குறை.

“சுவர் இருந்தாத்தான் சித்திரம் எழுத முடியும். அந்தச் சுவரை விடுங்க. இந்தச் சுவரைப் பாருங்க முதல்ல” என்று அவர் மார்பில் விரலால் தட்டினாள். “அது உடையாது. நான் சொல்றேன்.”

“நீ சொன்னா செவுரு கேக்குமா?”

“நீங்க கேக்கறதில்ல. அதாவது கேக்கட்டும்.”

முறிந்ததைச் சுரண்டிவிட்டுப் புதுச் சாட்சி வைத்தார். அதன்பிறகு ஒன்றும் உடையவில்லை. வாராவாரம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினார்: அசைவில்லை. ஐந்நூற்றுச் சொச்சம் சனிக்கிழமைகள். பக்கம் பக்கமாக அதே ஒரு சொல். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களிடம் அந்த நோட்டைப் புரட்டிக் காட்டுவார். சூளை முதலாளியின் பள்ளத்தைத் தான் ஒருவராகவே நின்று ஜெயித்துவிட்ட மாதிரி அப்போது முகம் இருக்கும்.

இந்த வருடம் கோடை தொடங்குகிற சமயத்தில் வீட்டம்மா இறந்தாள். ஆறு வாரம் படுக்கை, அதில் கடைசி இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. மகள் வந்து சேர்ந்தபோது அம்மாவின் கை ஆறிவிட்டிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. கட்டிலின் நீளம், ஜன்னலிலிருந்து கட்டில் வரை எத்தனை தரைக்கல் என்று கண் எதையாவது எண்ணிக்கொண்டே இருந்தது. இப்போதும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்றாவது வாரம், சனிக்கிழமைச் சுற்றில், மூன்றாம் சாட்சி முறிந்து கிடந்தது. அடுத்த மாதம் ஐந்தாவது. அதற்கடுத்து முதலாவது. பதினொரு வருடம் அசையாத சுவர்.

அவர் நாற்காலி போட்டு உட்காரவில்லை. மார்பைப் பிடிக்கவில்லை. முதல் தடவையாக அந்தச் சுவரைப் பார்த்து அவருக்குப் பயம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்களை அங்கே நிறுத்தி, பொய் ஜன்னல் பற்றிய வேடிக்கையெல்லாம் தூரப் போட்டுவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துச் சொன்னார்.

“எங்க வீட்டம்மா போன மூணாவது வாரம் இது. வீட்டுக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குக் கண்ணீர் வருது. அதுக்கு இதுதான் வரும்.”

ஒரு பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செவுத்து டாக்டருக்கு அந்த விரிசல் ஆறுதலாக இருந்தது. தன்னோடு சேர்ந்து அழ ஒரு ஆள் இருக்கிறது என்கிற ஆறுதல்.

வீடு ஒரு அறக்கட்டளைக்குச் சொந்தம். அவர்களுடைய பொறியாளர் நோட்டின் பிரதியைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதினார். பதினொரு ஆண்டுகள் நிலையாக இருந்த சுவர் நான்கே மாதங்களில் மூன்று இடங்களில் நகர்ந்திருக்கிறது. அஸ்திவாரம் திடீரென்று இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் வடக்குப் பகுதி முழுவதையும் இடித்து இறக்கிவிடுவதே பாதுகாப்பு. வியாழக்கிழமை நேரில் வந்து பார்த்து முடிவைச் சொல்கிறேன். மகள் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். குறை சொல்ல இடமில்லை. அந்த நோட்டை வைத்துக்கொண்டு அவளாக இருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பாள்.

“இடிக்கட்டும்மா” என்றார் அவர். “அவ போனதும் அதுக்கு நிக்கப் பிடிக்கல. நாம ஏன் முட்டுக் கொடுத்து நிறுத்தணும்?”

“அப்புறம் நீங்க எங்க இருப்பீங்க?”

“நீதான் ரூம் ரெடி பண்ணியிருக்கேன்னு நாலு தடவை சொல்லிட்டியே.”

ஏழாவது மாடி. கட்டில் போட்டு, புதுத் திரை மாட்டி, இரண்டு மாதமாக ஆள் வரக் காத்திருக்கிற அறை.

“உன் வீட்டுச் செவுத்தைத் தட்டினா எப்படிக் கேக்கும்?”

“காங்கிரீட்ப்பா.”

“அது பேசாதே” என்றார்.

புதன்கிழமை மத்தியானம் அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது மகள் மூன்றாம் சாட்சிக்கு எதிரே உட்கார்ந்தாள். பொறியாளர் வந்து பார்க்கும்வரை உடைந்ததைத் தொடக் கூடாது என்பது அப்பாவின் விதி, தொடாமல்தான் இருந்தது. அவருடைய டார்ச்சை எடுத்துச் சாய்த்துப் பிடித்தாள்.

பிளாஸ்டர் தடிமனாக இருந்தது. அப்பா ஒட்டினால் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். இங்கே ஒரு விரல் கனம். ஓரங்கள் கத்தியால் வெட்டிய மாதிரி இல்லை, உருண்டிருந்தன. இரண்டு முனையிலும் நடுவில் ஒரு குழி. குழிக்குள் ரேகை.

கட்டைவிரல் ரேகை. சின்னது. மகள் தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள், அவளுடையது பெரிது. அப்பாவுடையது இன்னும் பெரிது. அதோடு அவர் கத்தியில்லாமல் பிளாஸ்டரைத் தொடமாட்டார்.

அவள் விரல் பட்டதில் இடதுபக்கத்துப் பிளாஸ்டர் சுவரிலிருந்து கழன்று கையோடு வந்துவிட்டது. பக்கவாட்டில் திருப்பினாள். வெங்காயத்தை நறுக்கிய மாதிரி அடுக்குகள். ஒரு பிளாஸ்டர், அதில் புதைந்த கண்ணாடி முனை, அதன்மேல் இன்னொரு பிளாஸ்டர், இன்னொரு கண்ணாடி முனை. அடியில் இருந்த முதல் அடுக்கை விட்டுவிட்டு எண்ணினாள். ஒன்பது.

இந்த வருடத்துக்கு முன்பே இந்தச் சாட்சி ஒன்பது முறை முறிந்திருக்கிறது. முறிந்த மற்ற இரண்டிலும் அதே கனம், ரேகை மட்டும் இல்லை. ஒன்பது முறையும் யாரோ முறிந்ததன் நடுப்பகுதியை ஒடித்து எடுத்துவிட்டு, பழைய பிளாஸ்டரின் மேலேயே புதுசு வைத்து, புதுக் கண்ணாடி ஒட்டி, அதில் பழைய தேதியையே கீறியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. அவள் நேராகத் தையல் மிஷினுக்குப் போனாள். பிஸ்கட் டப்பா. மேலே நூல்கண்டு, பொத்தான், சாக்குக் கட்டி. கீழே செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடித் துண்டுகள், பன்னிரண்டு. எல்லாம் ஒரே நீளம், ஒரே அகலம். பாதி இறுகிப்போன பிளாஸ்டர் பொட்டலம். ஒரு ஆணி. துண்டுகளில் ஒன்றில் மட்டும் தேதி ஏற்கெனவே கீறியிருந்தது. பதினொரு வருடத்துக்கு முந்தைய தேதி, அப்பாவின் கையெழுத்தில், அப்பா எழுதாதது. படுக்கையில் விழுவதற்கு முன், இந்தக் கோடைக்காகத் தயாராக வைத்தது.

மகள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். எண்ண வேண்டியதையெல்லாம் எண்ணி முடித்திருந்தாள். வேறு எதுவும் எண்ணுவதற்கு இல்லாமல் போனது. நான்கு மாதம் கழித்து, அப்போதுதான் அழுதாள்.

பிறகு கணக்குப் போட்டாள். அது தானாகவே வந்தது. ஒவ்வொரு கோடையிலும் பள்ளத்தின் மண் காய்ந்து சுருங்குகிறது, சுவர் ஒரு மயிரிழை நகர்கிறது, கண்ணாடி முறிகிறது. நல்ல மழை பெய்த ஒரு வருடம் மட்டும் முறியவில்லை. அடியில் புதைந்திருந்த முதல் கண்ணாடியின் இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள தூரத்தைச் சுவரில் வைத்து அளந்து, டப்பாவிலிருந்த முழுத் துண்டின் நீளத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பார்த்தாள். மூன்று மில்லிமீட்டர். பதினொரு வருடத்துக்கு மொத்தம் மூன்று. திடீரென்று எதுவும் நடக்கவில்லை. இந்தச் சுவரை இடிக்க வேண்டியதில்லை. எதிர்ச் சுவரோடு இரும்புக் கம்பி போட்டு இழுத்துக் கட்டினால் இன்னும் நூறு வருடம் நிற்கும்.

உண்மையைச் சொன்னால் வீடு பிழைக்கும். அப்பாவிடம் மிச்சமிருக்கிற ஒரே ஆறுதல் போய்விடும். ஐந்நூற்றுச் சொச்சம் சனிக்கிழமைகளும் போய்விடும். சொல்லாவிட்டால் வீடு போகும், அப்பா ஏழாவது மாடிக்கு வந்துவிடுவார். அந்த அறையும் புதுத் திரையும் ஒரு நிமிடம் அவள் கண் முன்னால் வந்து நின்றன. அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் பிற்பாடு வெட்கப்பட்டாள்.

சாயங்காலம் அவர் டீ போட்டுக் கொண்டுவந்தார். பழக்கத்தில் மூன்று டம்ளர் எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைத்தார். மகள் டப்பாவை அவர் முன்னால் வைத்துத் திறந்தாள். பிளாஸ்டர் கட்டியைக் கையில் கொடுத்தாள். நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். அவளுக்கு அப்படித்தான் பேச வரும்.

அவர் முதலில் சிரித்தார். “அவளா? போம்மா. அவளுக்குக் கண்ணாடி வெட்டத் தெரியுமா?”

“வெட்டியிருக்காங்கப்பா. பன்னெண்டும் ஒரே அளவு.”

ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தை விரலால் தடவினார். “என் வெட்டைவிட நேரா இருக்கே” என்றார்.

பிளாஸ்டர் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதடு அசைந்தது, எண்ணுகிறார். ஒன்பதில் நின்றது.

“வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்னைக் கடைக்கு விரட்டுவா. நூல் தீந்துபோச்சு, பொத்தான் இல்லன்னு. நானும் போவேன், மாங்கு மாங்குன்னு. மறுநாள் கண்ணாடி முழுசா இருக்கான்னு மட்டும் எதிர்ல நின்னு பாப்பேன், பிளாஸ்டரைப் பாத்ததே இல்ல. முழுப் பூசணிக்காயை என் சோத்துலயே மறைச்சிருக்கா பாத்தியா?”

“உங்களுக்கு நெஞ்சு வலி வந்துடக் கூடாதுன்னுதான்.”

“தெரியுது, தெரியுது.” குரல் கடுத்தது. “ஒரு மனுசனைப் பதினோரு வருசம் முட்டாளாக்கறதுக்குக் காரணம் வேற வேணுமா? நோட்டுப் போட்டு எழுதினேன்ம்மா. ஊரையே கூட்டி வச்சுக் காட்டினேன்.”

டீயில் ஆடை படிந்தது. வெளியே வயலில் யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். அதுவரை அது ஓடிக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

நெடுநேரம் கழித்து அவர் கேட்டார். “அப்ப, அவளுக்காக உடையல.”

“இல்லப்பா.”

“எப்பவும் போலத்தான்.”

“எப்பவும் போலத்தான்.”

அவர் தலையை ஆட்டினார். சுவரில் காது வைத்து, அது சொன்னதைக் கேட்டுக்கொண்ட பிறகு ஆட்டுகிற அதே ஆட்டு. எழுந்து டம்ளர்களைக் கழுவப் போனார். கழுவுகிற இடத்திலிருந்தே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்.

“நாளைக்கு அந்தப் பொறியாளர்கிட்ட நீ ஒண்ணும் சொல்லாதே.”

மகள் பிஸ்கட் டப்பாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பொறியாளர் வந்தார். மகளின் வயதுதான் இருக்கும், மரியாதை தெரிந்தவர். காலணியை வாசலிலேயே கழற்றினார். ஐயா, நோட்டு இருக்கா என்று கேட்டார். அவர் நோட்டை நீட்டினார். பிறகு விடாமல், தானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே பேசினார்.

“சார், இதுல இருக்கறது பொய். நான் எழுதினதுதான். பொய்யுன்னு தெரியாம எழுதினேன்.” சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய பிளாஸ்டர் கட்டியை எடுத்தார். “நிஜமான நோட்டு இது. இதைப் படிங்க.”

பொறியாளர் அதைத் திருப்பிப் பார்த்தார். எண்ணினார். விரிசலுக்கு அருகே போய், சின்ன அளவுகோலை வைத்து, மகள் அளந்ததையே அளந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

“யாரு ஐயா இதைப் பண்ணது?”

“எங்க வீட்டம்மா.”

“எதுக்கு?”

“எனக்குத் தூக்கம் வரணும்னு.”

பொறியாளர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

“அப்படின்னா இடிக்க வேண்டியதில்ல” என்றார் பொறியாளர். “நாலு கம்பி போட்டு இழுத்துக் கட்டினாப் போதும். நான் எழுதிடறேன். ஆனா ஐயா, இனிமே அளவு சுத்தமா வேணும். ஏழு இடத்துலயும் பழசைச் சுரண்டி எடுத்துட்டு, புதுசா வச்சு, இன்னிக்குத் தேதி போடுங்க. உடைஞ்சா உடைஞ்சதுன்னு எழுதுங்க.”

“எழுதறேன் சார்.”

“தூக்கம்?” என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாமோ என்று பொறியாளர் விழித்தார்.

“அதுக்கு இனிமே ஆள் இல்ல” என்றார் அவர், சாதாரணமாக.

பொறியாளர் போனதும் அவர் ஒரு கிண்ணத்தில் பிளாஸ்டரைக் குழைத்தார். மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். முதலாம் சாட்சியைச் சுரண்டி, கண்ணாடி ஒட்டி, கத்தியின் முதுகால் நான்கு பக்கமும் நேராக்கி, தேதி கீறினார். இரண்டாவது, அதே மாதிரி. கண்ணாடித் துண்டுகளைப் பிஸ்கட் டப்பாவிலிருந்துதான் எடுத்தார். பழைய தேதி கீறியிருந்த ஒன்றை மட்டும் செய்தித்தாளில் திரும்பச் சுற்றி வைத்தார். மகள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

மூன்றாவதற்கு வந்தார். இடதுபக்கத்துப் பிளாஸ்டர் பொறியாளரோடு போய்விட்டது. வலதுபக்கத்தது சுவரிலேயே இருந்தது, நடுவில் குழியும் ரேகையுமாக. சுரண்டியை அதன் ஓரத்தில் வைத்தார். எடுத்தார். நான்கு விரல் அளந்து, அதற்கு மேலே, விரிசலுக்குக் குறுக்கே புதுக் கண்ணாடியை வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டரை அப்பினார்.

மடக்குக் கத்தியைத் திறந்தார். ஈரம் இறுகுவதற்கு இரண்டு நிமிடம்தான் இருக்கும். கத்தியைப் பார்த்தார். மடக்கிப் பையில் போட்டுவிட்டு, ஈரப் பிளாஸ்டரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.